கையை விட்டால் பூட்டிக்கொள்ள வேண்டும்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் வாசிப்பதற்காக, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று ஷீபா மேடம் போனில் சொன்னபோது, நான் என் மகள் நேயாவுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், நான் ரிட்டயர் ஆகல்ல. ரிசைன் பண்ணினேன். எனக்கு இப்பதான் முப்பத்திமூணு வயசு."

"ரெண்டும் ஒண்ணுதான் பிள்ளே. ரெண்டு பேருக்கும் இங்க மேசை கெடையாது. எழுது."

மேடம் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் அந்த மேசை என் கண்ணுக்குள் இருந்தது. ஜன்னலோரம், ஒரு கால் குட்டையாக இருந்ததால் அட்டை மடித்து வைத்த மேசை. அந்த அட்டையை வைத்ததும் நான்தான். இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, ஆட்டத்துக்கு என்ன செய்கிறார்களோ என்றெல்லாம் யோசித்தேன். சோறு குழைந்துவிட்டது.

மேடம் கேட்ட உடனே எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியோடு நின்றிருக்கும். மீதிப் பாதி அதன்பிறகுதான் நடந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாறசாலைக்காரி நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, நகரத்தில் ஒரு விடுதியில் தங்கி, காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்துக் கழக்கூட்டத்தில் இருக்கும் அலுவலகத்துக்குப் போவேன். முதல் வருடம் முழுக்க மற்றவர்கள் வரைந்ததில் அளவு சரிபார்க்கும் வேலை. கண் வலித்தது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் அலுவலகம் செய்வது ஒரே ஒரு பொருளைத்தான். கடலுக்கு அடியில் துளையிடும்போது, மேலே நிற்கும் கப்பலில் இருந்து கடல்தரைவரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குழாய்களை இறக்குவார்கள். ஒரு குழாயை அடுத்த குழாயோடு சேர்த்துப் பூட்டுகிற கனெக்டர்தான் எங்கள் பொருள். ஆழத்தில் இருக்கும் கனெக்டரை மனிதர் யாரும் போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. கேமரா பொருத்திய சின்ன வண்டி ஒன்று நீந்திப் போய்ப் படம் காட்டும், அவ்வளவுதான்.

கனெக்டருக்குள் இரும்புக் கட்டைகள் வட்டமாக நிற்கும். அவை கீழ்க்குழாயின் கழுத்தில் உள்ள பள்ளத்தைக் கடித்துப் பிடிக்கும். கடிப்பதால் அவற்றுக்கு நாய்கள் என்று பெயர். நாய்களைச் சுற்றி ஒரு கனமான வளையம். வளையம் கீழே இறங்கினால் நாய்கள் கடிக்கும். மேலே ஏறினால் விட்டுவிடும். வளையத்தைக் கீழே தள்ளுவது ஸ்பிரிங்குகள். மேலே தூக்குவது எண்ணெய் அழுத்தம். அதாவது, பூட்ட யாரும் எதுவும் செய்ய வேண்டாம். திறக்கத்தான் மெனக்கெட வேண்டும். எண்ணெய்க் குழல் அறுந்தாலும், கப்பலில் கரண்டு போனாலும், பூட்டு பூட்டியே இருக்கும். கையை விட்டால் பூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழில் முழுவதும் இந்த ஒரு வரிதான்.

இனி ஷீபா மேடத்தைப் பற்றி. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் கையில் இருக்கும், யாருக்கும் நீட்ட மாட்டார். வரைபடம் எதுவும் அவருடைய துஷ்டியைத் தாண்டாமல் பட்டறைக்குப் போகாது.

துஷ்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு வீடு. நாங்கள் செய்ததும் அதேதான். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். மேடம் வரைபடத்தில் ஒரு பாகத்தின் மேல் விரலை வைத்து, "இது செத்துப் போச்சு" என்பார். ஸ்பிரிங், ஆணி, வாஷர், எதுவானாலும் சரி. மற்றவர்கள் துக்கம் விசாரிக்க வேண்டும். எப்படிப் போனது? துருவா, விரிசலா, தேய்மானமா? போனது யாருக்காவது தெரியுமா? கடைசிக் கேள்வி எப்போதும் மேடத்துடையது: "செரி, இனி அந்த வீட்டை ஆரு பாக்கது?"

அந்தப் பாகம் செய்த வேலையை இனி எது செய்யும் என்று வரைந்தவர் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால் வரைபடம் திரும்பிப் போகும். ஒருவர் எல்லோரையும் நிறுத்திவைக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டால், மேடம் பேசாமல் சிப்ஸ் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளுவார். அதுதான் எங்கள் அலுவலகத்தில் விருது. இந்த வேலையில் சேருமுன் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பெண். காஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். அந்த மேசையில் என் பயத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

நேயா வயிற்றில் இருந்தபோதுதான் கம்பி விவகாரம் வந்தது.

பூட்டு விழுந்துவிட்டதா என்று கேமராவில் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். அதற்காக வளையத்தோடு ஒரு கம்பியை இணைத்திருந்தோம். மேல்மூடியில் ஒரு துளை. வளையம் மேலே இருந்தால் ஆரஞ்சு நிறக் கம்பி துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்டு விழவில்லை என்று பொருள். வளையம் இறங்கினால் கம்பியும் உள்ளே போய் மறைந்துவிடும். பூட்டியாகிவிட்டது என்று பொருள். பார்க்க அழகாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் வெளியே ஒன்றும் துருத்தாது.

வரைந்தவர் ரஞ்சித். நெடுமங்காட்டுக்காரர், எனக்கு ஒரு வருடம் மூத்தவர். துஷ்டி முடிந்துவிட்டது. எல்லாப் பாகங்களும் செத்துப் பிழைத்துவிட்டன. மறுநாள் வரைபடம் போக வேண்டும், வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கர்ப்பத்தில் வருகிற பயமோ என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு விட முடியவில்லை.

"ரஞ்சித், கம்பிக்கு யாரும் துஷ்டி விசாரிக்கல்லையே?"

"எடோ ஜெபா, கம்பி என்ன பாரமா சொமக்குது? அது சும்மா நின்னு காட்டுறது. ஒரு போர்டு மாதிரி. போர்டு செத்தா கடை செத்துடுமா?"

"உள்ள முறிஞ்சா?"

"முறிஞ்சா உள்ள விழும்."

"உள்ள விழுந்தா வெளிய ஒண்ணும் தெரியாது அல்லே? ஒண்ணும் தெரியல்லேன்னா பூட்டியாச்சுன்னு அர்த்தம்."

அவர் பேனா மூடியைக் கடித்தார். பிறகு, "உனக்கு இப்ப எல்லாத்துலயும் பயம். போய் மாம்பழ ஜூஸ் குடி" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினேன். ஆனால் மேடம் இதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். மறுநாள் வரைபடம் போகவில்லை. எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வேளிப் பக்கம் உள்ள பட்டறைக்குப் போனார்.

பட்டறையில் சோதனைக்கான கனெக்டர் ஒன்று நின்றது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மேடம் சொன்னபடி ஃபிட்டர் கம்பியைக் கழற்றி, பாதிக்கு மேல் ரம்பத்தால் அறுத்து, மீண்டும் மாட்டினார். எண்ணெய் அழுத்தம் கொடுத்தார்கள். வளையம் மேலே ஏறியது. ஆரஞ்சுக் கம்பி வெளியே வந்தது. பூட்டு திறந்திருக்கிறது. மேடம் ஒரு மரச் சுத்தியலால் மூடியின் விளிம்பில் லேசாகத் தட்டினார். இரண்டாவது தட்டில் கம்பி முறிந்து, ஒரு சின்ன ஓசையோடு உள்ளே போய்விட்டது.

மூடி சமமாக, சுத்தமாக இருந்தது. பூட்டிய கனெக்டர் எப்படி இருக்குமோ அப்படியே. கிரேனில் சங்கிலி மாட்டித் தூக்கச் சொன்னார் மேடம். மேல்பாதி எந்த எதிர்ப்பும் இல்லாமல், ஜாடி மூடிபோல, சங்கிலியோடு வந்துவிட்டது. நாய் ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

ரஞ்சித் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கப்பலில் இருந்து இதை நம்பி அழுத்தத்தை ஏற்றியிருந்தால் குழாய் கழன்று, உள்ளே இருப்பதெல்லாம் கடலில் கொட்டியிருக்கும். மேடம் கைப்பையில் இருந்து சிப்ஸ் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். ஏற்கெனவே பாதி காலியாகியிருந்தது.

பிறகு கம்பியைத் திருப்பினோம். துளையை அடிப்பக்கம் கொண்டுபோனோம். வளையம் இறங்கினால் கம்பி கீழே நீட்டிக்கொண்டு வெளியே வரும். வெளியே தெரிந்தால்தான் பூட்டு. துளையையும் தளர்வாக வைத்தோம். கம்பி முறிந்தால் உள்ளே தங்காமல் கழன்று கடலில் விழுந்துவிட வேண்டும். விழுந்தால் கேமராவில் கம்பி இருக்காது. இல்லையென்றால் நம்பாதே. ரஞ்சித்தும் நானும் சேர்ந்து வரைந்தோம். "வெளிய துருத்திட்டு நிக்குது, அசிங்கம்" என்று கடைசிவரை முணுமுணுத்தார்.

அந்தக் கம்பி தண்ணீருக்குள் வெளியே வருவதை நான் பார்க்கவில்லை. பட்டறையின் பெரிய தொட்டியில் சோதனைக்குத் தேதி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே நேயா வந்துவிட்டாள், நாள் முழுமையாகுமுன். நெஞ்சு பலவீனம். சளி பிடித்தால் மருத்துவமனை. விடுப்பை நீட்டினேன், மீண்டும் நீட்டினேன், பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். சோதனை நன்றாக முடிந்தது என்று ரஞ்சித் செய்தி அனுப்பினார். "துருத்திக்கிட்டு வந்துச்சு, சந்தோஷமா?" என்று கேட்டிருந்தார். நெபுலைசர் இரைச்சலுக்கு நடுவே அதை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது.

வேலையை விட்டது தவறு என்று நான் நினைக்கவில்லை. நினைக்கிற நாளும் உண்டு. அடுத்த நிமிடமே, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி நினைக்கலாமா என்று வரும். எண்ணெயும் இரும்பும் கலந்த பட்டறை வாசம் மட்டும் எங்கிருந்தாவது அடித்தால், ஸ்கூட்டர் ரிப்பேர் கடை முன்னால்கூட, கால் நின்றுவிடும். நேயா கையைப் பிடித்து இழுப்பாள்.

வீட்டிலும் துஷ்டி நடந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் வாசலை ஒட்டிய மாடிப்படிக்குக் குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்றை என் கணவர் வாங்கி வந்தார். கையால் தள்ளிக் கொக்கி போட்டால்தான் பூட்டும். மறந்தால் திறந்தே கிடக்கும். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"கையை விட்டா தானா மூடணும். இது மூடல்ல."

"உனக்க ஆபீஸ் கடலுக்கு அடியில கெடக்கு. இது ரெண்டாவது மாடி, கேட்டியா?" என்றார். ஆனாலும் போய் மாற்றி, ஸ்பிரிங் வைத்த கதவு வாங்கி வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கட்டுரைக்காக இல்லை.

"ரஞ்சித்து புது மாடல் வரஞ்சிருக்கான். சென்சார் வச்சு. கம்பியை எடுத்துட்டான். துஷ்டிக்கு வெளியாள் ஒராள் வேணும். வா."

கம்பியை எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் போக வேண்டும் என்று தோன்றியது. உடனே என்மேலேயே சந்தேகம். சென்சார் நல்லதாகவே இருக்கலாம். எனக்கு அந்த மேசைக்குப் போக ஆசை, அதற்குக் கம்பியைச் சாக்காக்குகிறேனோ? அதற்காக நேயாவை முதல்முறையாக வேறு கையில் விடப் போகிறேனோ? அவள் அதுவரை ஒரு மணி நேரம்கூட என்னையோ அவள் அப்பாவையோ பிரிந்து இருந்ததில்லை.

"போ" என்றார் என் கணவர். "போகாம இருந்தா அதைவச்சு ஒரு வருசம் பொலம்புவே. எனக்கு அதைத் தாங்க முடியாது."

எங்கள் அடுக்ககத்தின் கீழேயே ஸ்ரீதேவி சேச்சி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மருந்து, இன்ஹேலர், மாற்றுத் துணி எல்லாம் கொடுத்தேன். கொடுத்ததையே திரும்பவும் விளக்கினேன். சேச்சி சிரித்தார்.

"மோளே, எந்தெங்கிலும் உண்டுன்னா நான் விளிக்கும். விளிக்கல்லேன்னா குட்டி சுகமா இருக்குன்னு வச்சுக்கோ. போதுமா?"

ஏதாவது என்றால் கூப்பிடுவார், கூப்பிடவில்லையென்றால் பிள்ளை நன்றாக இருக்கிறாள். போதும் என்றுதான் தோன்றியது. நேயா என் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஏறினேன். அவள் அழுகை பைபாஸ் இரைச்சலில் கலக்கும்வரை கேட்டது.

அலுவலகத்தில் துஷ்டி இப்போது உள்ளறைக்கு மாறியிருந்தது. என் பழைய மேசையில் ஒரு பிரிண்டர். நாற்காலியில் உட்கார்ந்ததும் போனைத் திரை மேலே தெரிய என் முன்னால் வைத்தேன். புதிய பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள்.

ரஞ்சித் விளக்கினார். காதோரம் இப்போது கொஞ்சம் நரைத்திருக்கிறது. வளையத்தின் பக்கத்தில் சென்சார். அதிலிருந்து கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்கு வயர். வளையம் முழுதாக இறங்கவில்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். கேமரா வண்டியை இறக்கும் செலவே மிச்சம்.

"லைட் எரிஞ்சா பிரச்சினை. எரியல்லேன்னா பூட்டியாச்சு. இவ்வளவுதான் காரியம்" என்று முடித்தார்.

நான் போனைப் பார்த்தேன். எரியவில்லை. சேச்சி கூப்பிடவில்லை. நேயா நன்றாக இருக்கிறாள்.

பிறகுதான் திரையின் மூலையைக் கவனித்தேன். அந்த உள்ளறையில் சிக்னலே இல்லை. வந்து உட்கார்ந்ததில் இருந்து, செத்த போனைப் பார்த்து நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வராந்தாவுக்கு ஓடிச் சேச்சியைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூச்சுத் திணறி, இன்ஹேலர் இருக்கும் பையைச் சேச்சி மறந்துபோய், ஆட்டோ கிடைக்காமல் என்று எல்லாம் என் கண்முன் நடந்துவிட்டது. அப்புறம்தான் சேச்சியின் குரல்.

"அய்யோ, நீயா? கையெல்லாம் மாவு. இவங்க எல்லாரும் சேர்ந்து சப்பாத்தி பரத்துது."

"நேயா?"

போன் கை மாறும் சத்தம். மூச்சு கேட்டது. நான் அந்த மூச்சைத்தான் முதலில் கேட்டேன். இழுப்பு இல்லை.

"அம்மா, நான் சப்பாத்தி."

"அம்மா வரட்டுமா கண்ணு?"

கொஞ்சம் யோசித்தாள். "பின்னே வா" என்றாள். பிறகு வந்தால் போதுமாம். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன். நிம்மதியாகத்தான் இருந்தது. அதோடு, இரண்டரை வருடமாக என் துப்பட்டாவைப் பிடித்திருந்த விரல்கள் இப்போது மாவில் இருக்கின்றன என்ற நினைப்பும். இவ்வளவு நாளும் எனக்கு இந்த அலுவலகத்தின் மேல்தான் ஏக்கம். இங்கே வந்து நின்றால் ஏக்கம் அங்கே போய்விட்டது. இனி இரண்டில் எங்கே இருந்தாலும் மற்றது இழுக்கும் என்று அப்போது புரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

"குட்டிக்கு ஒண்ணும் இல்லல்லோ?" என்றார் ரஞ்சித்.

"இல்ல. ரஞ்சித், உங்க லைட்டு செத்துப் போச்சு."

"எந்த லைட்டு?"

"சிவப்பு லைட்டு. பல்பு போச்சு. இல்லேன்னா வயரு கடல்ல அறுந்துது. பூட்டு விழல்ல. லைட்டும் எரியல்ல. எல்லாரும் பூட்டியாச்சுன்னு சந்தோசமா இருக்காங்க, இப்ப நான் இருந்த மாதிரி." போனைத் தூக்கிக் காட்டினேன். "இனி அந்த வீட்டை ஆரு பாக்கது?"

ரஞ்சித் பேனா மூடியைக் கடித்தார். கடிக்கிற பழக்கம் மாறவில்லை. புதிய பெண் ஒருத்தி, "அப்ப பச்சை லைட்டு வைக்கலாமே? பூட்டினா மட்டும் எரியட்டும். அறுந்தா அணைஞ்சுடும்" என்றாள்.

"வைக்கலாம்" என்றார் ரஞ்சித். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கம்பியை வரைந்தார். "இதுவும் இருக்கட்டும். துருத்திட்டே நிக்கட்டும்."

மேடத்தின் கை அசைந்தது. பொட்டலம் மேசையில் வழுக்கி வந்து என் முன்னால் நின்றது. அதை அந்தப் புதிய பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் நகர்த்தினேன்.

அன்று மாலை ஸ்ரீதேவி சேச்சியிடம் ஓர் ஏற்பாடு கேட்டேன். பிரச்சினை வந்தால் கூப்பிட வேண்டும் என்பது இருக்கட்டும். பிரச்சினை இல்லையென்றாலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மிஸ்டு கால். பேச வேண்டாம். மணி அடித்தால் போதும்.

"விளிச்சால் சுகம், விளிக்கல்லேன்னா நீ ஓடி வரும். இது தலைகீழாயிருக்கல்லே?" என்றார் சேச்சி.

"ஆமா சேச்சி. தலைகீழாத்தான் இருக்கணும்."

இப்போது வாரத்தில் பாதி நாள் வேலைக்குப் போகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தினமும் காலையில் சந்தேகம் வருகிறது. வரட்டும். இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கும் சந்தேகம் வந்தால் ஜூஸ் குடித்துச் சரிப்படுத்த வேண்டாம். மேசைக்குக் கொண்டு வாருங்கள்.

போன வாரம் புதிய கனெக்டரை வேளிப் பட்டறையின் தொட்டியில் இறக்கினார்கள். அழுத்தம் கொடுக்கும் கைப்பிடியை மேடம் என்னிடம் தந்தார். அதைப் பிடித்திருக்கும்வரை வளையம் மேலே நிற்கும், பூட்டு திறந்திருக்கும். ரஞ்சித் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பச்சை விளக்கு அணைந்திருந்தது. கம்பியும் கண்ணில் படவில்லை.

"ஜெபா, விடு."

நான் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் சேச்சியின் மணி அடிக்கவில்லை.

"எடோ, என்ன பாத்துட்டு நிக்குறே?"

பையில் இருந்த போன் ஒரு தடவை அடித்து நின்றது.

கையை விட்டேன். தண்ணீருக்குள் கனமாக ஓர் ஓசை கேட்டது. வளையத்தின் அடியில் இருந்து, விரல் நீளத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில், கம்பி வெளியே வந்து நின்றது.